பதினேழு வயதில் டி-ஷர்ட் வியாபாரம்: கையெழுத்து யாருடையது?

ஒரு சனிக்கிழமை மாலை, பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி தன் அம்மாவோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். திருப்பூரில் வரிக் கணக்கு எழுதுவதும் பதிவு வேலைகள் பார்ப்பதும் என் தொழில். கட்டைப்பையிலிருந்து நான்கு டி-ஷர்ட்டுகளை எடுத்து மேசைமேல் விரித்தாள். முதலாவதில் அவளே வரைந்த சிக்குக்கோலம் இருந்தது. இரண்டாவதில் ஒரு திரை நட்சத்திரத்தின் முகம். மூன்றாவது, காதர்பேட்டையில் மொத்த விலைக்கு வாங்கிய ஏற்றுமதி மிச்சம். அதன் கழுத்துப் பட்டையில் இருந்த வெளிநாட்டு நிறுவனத்தின் லேபிளைப் பிளேடால் பாதி அறுத்திருந்தார்கள். நான்காவது, ஆகஸ்ட் 15-ஐ எண்ணி நெஞ்சில் மூவண்ணக் கொடியை அச்சிட்டது. அவற்றோடு, 200 பீஸ் அச்சிட்டுத் தரும்படி ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்கு அவள் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த ஆர்டர் தாளின் நகலும் இருந்தது. "இதுக்கு லைசென்ஸ் ஏதாச்சும் எடுக்கோணுங்களா சார்?" என்று அம்மா கேட்டார்.

துணி வியாபாரத்தில் இறங்கும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். உண்மையில் லைசென்ஸ் கடைசியாக வர வேண்டிய கேள்வி. அந்த மேசைமேல் கிடந்த ஐந்து பொருள்களும் ஐந்து வெவ்வேறு சட்டங்களைத் தொடுகின்றன என்பதால், அவற்றை வைத்தே இதை விளக்குகிறேன்.

முதலில் ஆர்டர் தாள்

பதினெட்டு வயது நிரம்பாதவர் வியாபாரம் செய்யக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தான் வரைந்ததை, தான் தைத்ததை விற்றுப் பணம் பெறுவது குற்றமே அல்ல. சட்டம் தடுப்பது ஒன்றைத்தான்: அவருடைய கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வயது வந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்று 11-வது பிரிவில் சொல்கிறது. அந்த வயது பதினெட்டு என்பது 1875-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தில் இருக்கிறது.

தகுதி இல்லாதவர் செய்த ஒப்பந்தத்தின் நிலை என்ன என்ற கேள்விக்கு 1903-இல் விடை கிடைத்தது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர், வயது நிரம்பும் முன்பே தன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். அந்த வழக்கு, அந்நாளில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அங்கே தீர்ப்பாயிற்று. மோகரி பீபி வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் முதலாண்டிலேயே படிப்பது இதைத்தான். நூறாண்டு தாண்டியும் அந்த நிலை மாறவில்லை.

இதைக் கேட்டதும் சில பெற்றோருக்கு முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதல்லவா என்று நினைக்கிறார்கள். ஆனால் விவரம் தெரிந்த பட்டறைக்காரரும் துணி வியாபாரியும் கூரியர் நிறுவனமும் இதே காரணத்துக்காகவே பதினேழு வயதுக்காரரோடு கடனுக்கோ தவணைக்கோ ஒப்பந்தம் செய்ய மாட்டார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்ட சிறார், தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் பாதி முன்பணமும் மீதி வாக்குறுதியுமாக இருக்கும் ஆர்டரில் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. பதினெட்டு நிரம்பிய பிறகு பழைய தாளை 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தாலும் அதற்கு உயிர் வராது. புதிதாகவே ஒப்பந்தம் எழுத வேண்டும்.

ஆகவே அந்தத் தாளை அம்மாவின் பெயரில் மாற்றி எழுதி வாங்கச் சொன்னேன். இணைய விற்பனைத் தளங்களில் விற்பனையாளராகச் சேர்வதற்கும், கடை வாடகைக்கும், தையல் இயந்திரத் தவணைக்கும் இதுவே வழி: பெற்றோரில் ஒருவரின் பெயரில் தனிநபர் உரிமைத் தொழிலாக நடத்துவது. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. பெயர் கொடுக்கும் பெற்றோர் உதவிக்கு நிற்பவர் அல்லர். சட்டத்தின் பார்வையில் அவரே முதலாளி. கடனும் வரியும் வழக்கும் அவர் தலையில்தான் வரும். எனவே லாபம் யாருக்கு, போட்ட பணம் யாருடையது, பிற்பாடு தொழில் எப்படிப் பிள்ளையின் பெயருக்கு மாறும் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அது நீதிமன்றத்துக்காக எழுதுவது அல்ல. நான்கு வருடம் கழித்து அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே மனக்கசப்பு வராமல் இருப்பதற்காக எழுதுவது.

வேறு வழிகளும் உண்டு. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 30-வது பிரிவு, ஏற்கெனவே நடக்கும் ஒரு கூட்டு நிறுவனத்தில், எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தோடு, சிறார் ஒருவரை லாபத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. நஷ்டம் வந்தால் அவருடைய பங்கு மட்டும் பொறுப்பாகும். தனிச் சொத்தைத் தொட முடியாது. ஆனால் பதினெட்டு நிரம்பியபின் ஆறு மாதத்துக்குள், பங்காளியாகத் தொடர்கிறேனா இல்லையா என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் தானாகவே முழுப் பங்காளி ஆகிவிடுவார். அதுவும் லாபத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து நிறுவனம் பட்ட கடனுக்கெல்லாம் சேர்த்து. அப்பாவும் சித்தப்பாவும் நடத்தும் பனியன் கம்பெனியில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் இந்த ஆறு மாதக் கணக்கைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். ஒரு நபர் கம்பெனியிலோ சிறார் உறுப்பினராகவும் முடியாது, நியமனதாரராகவும் (நாமினி) முடியாது.

யாருடைய பான், அதில் என்ன இருக்கிறது

அந்த வீட்டில் அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான இணக்கத் திட்டத்தின் (காம்போசிஷன்) கீழ் பதிவு செய்து, காலாண்டுக்கு ஒரு முறை சிறிய விகிதத்தில் வரி கட்டுகிறார். டி-ஷர்ட் வியாபாரத்தையும் அப்பா பெயரிலேயே போட்டுவிடலாம் என்பதுதான் அவர்கள் யோசனை. அதை நான் தடுத்தேன். பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பிறருக்குத் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவது சேவை. அதற்கு வரம்பு 20 லட்சம். இந்த விற்றுமுதல் கடைவாரியாகப் பார்க்கப்படுவதில்லை, பான் எண்வாரியாகப் பார்க்கப்படுகிறது. அப்பாவின் பானில் மகளின் வியாபாரமும் சேர்ந்தால் மளிகைக்கடை விற்பனையும் டி-ஷர்ட் விற்பனையும் ஒரே கணக்கு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இணக்கத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பெங்களூரிலிருந்து யாரோ ஒருவர் ஒரு டி-ஷர்ட் கேட்க, மகள் அதைக் கூரியரில் அனுப்பிவிட்டால், அப்பாவின் மளிகைக்கடை அந்தத் திட்டத்தில் இருக்கும் தகுதியையே இழக்கிறது.

பதிவே இல்லாதவருக்கும் மாநில எல்லைதான் முக்கியம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர், சில கைவினைப் பொருள்களுக்கான விலக்கு நீங்கலாக, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பும் ஒரு பார்சலும் இதில் அடங்கும். பேருந்தில் அரை மணி தூரம் என்பது கணக்கில் வராது. இணைய விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்களும் முன்பு கட்டாயம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஒரே மாநிலத்துக்குள் மட்டும், வரம்புக்குள் விற்பவர்கள் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் பெற்று அத்தளங்களில் விற்கலாம் என்று ஆகியிருக்கிறது. தொடக்கத்தில் ஓராண்டு தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பது என்று முடிவெடுத்தால் பெரும்பகுதி கவலை தீர்ந்துவிடுகிறது.

பதிவு செய்தால் வரி விகிதம் எளிது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. இதையெல்லாம் பார்த்து, வேறு வியாபாரம் எதுவும் இல்லாத அம்மாவின் பானில் இந்தத் தொழிலைத் தொடங்குவது என்று முடிவாயிற்று. அம்மாவின் பெயரில், குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் செய்தோம். ஆதார் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். அதற்கென்று பணம் கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாற வேண்டாம்.

வருமான வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிறாரின் வருமானம் பொதுவாகப் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 64(1ஏ) என்ற எண்ணால் அறியப்பட்ட விதி இது. ஆனால் பிள்ளை தன் உடலுழைப்பாலோ, தன் திறமையாலோ, தனித்த அறிவாலோ ஈட்டியது அப்படிச் சேராது. அது பிள்ளையின் சொந்த வருமானம். கோலம் வரைந்து கொடுத்து அதற்குப் பெறும் தொகை இந்த விலக்குக்குள் வரும் என்று துணிந்து வாதிடலாம். காதர்பேட்டையில் வாங்கி அப்படியே கைமாற்றி விற்ற லாபத்துக்கு அந்த வாதம் நிற்பது கடினம். ஆகவே வரைந்ததற்கான தொகையையும் வாங்கி விற்றதில் வந்த லாபத்தையும் முதல் நாளிலிருந்தே தனித்தனி நோட்டில் எழுதுங்கள். பள்ளிக் கட்டுரை நோட்டே போதும். தேதி, தொகை, யாரிடமிருந்து என்ற மூன்று பத்திகள் இருந்தால் சரி.

நான்கு டி-ஷர்ட்டுகள்

ஒப்பந்தச் சட்டம் சிறாருக்குக் காட்டும் சலுகையை அறிவுசார் சொத்துச் சட்டங்கள் காட்டுவதில்லை. பிறருடைய முத்திரையை எடுத்துக்கொண்டவர் மீது, அவர் வயது எதுவானாலும், காப்பாளர் வழியாக உரிமையியல் வழக்குப் போட முடியும். குற்ற வழக்கென்றால் பிள்ளையின் பங்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். தொழில் யார் பெயரில் இருக்கிறதோ அவர், இங்கே அம்மா, வழக்கமான நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

சிக்குக்கோல டி-ஷர்ட்டைத்தான் நான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி வைத்துக் கம்பி சுற்றும் மரபு யாருக்கும் தனிச்சொத்து அல்ல. அந்த மரபுக்குள் அவள் தானே அமைத்த கோலம் அவளுடையது. வரைந்த அந்தக் கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. ஆனால் அதைத் துணியில் போடும்போது வேறொரு கணக்கு வருகிறது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத் தகுந்த ஒரு வடிவத்தைப் பதியாமலே விட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் பதித்துவிட்டால் அந்த வடிவத்துக்கான பதிப்புரிமை நின்றுவிடும் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு. அவள் கொடுத்திருந்த ஆர்டரோ 200 பீஸ். வடிவமைப்பாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அது முன்னரே வெளியாகாத புதிய வடிவமாக இருக்க வேண்டும். அதாவது இன்ஸ்டாகிராமில் படம் போடுவதற்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஒரே கோலத்தை நம்பி முழு வியாபாரமும் நடக்கப்போகிறது என்றால் அந்தச் செலவு தகும். மாதத்துக்கு ஒரு புது வடிவம் வருமென்றால், முதலில் வரைந்த தாளைத் தேதியோடு பத்திரப்படுத்துவதே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

நட்சத்திரத்தின் முகம் போட்டதை விற்கவே வேண்டாம் என்றேன். அந்தப் புகைப்படத்துக்கு ஒரு பதிப்புரிமையாளர் இருப்பார். திரைப்படத்தின் பெயருக்கும் எழுத்துருவுக்கும் வணிகக்குறி இருக்கக்கூடும். அவற்றுக்கும் மேலாக, புகழ்பெற்ற ஒருவரின் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பணமாக்கக் கூடாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயரையும் உருவத்தையும் பேசும் பாணியையும் ஒரு படத்தயாரிப்பு நிறுவனம் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் தடை விதித்தது. புகைப்படத்தைக் கோட்டோவியமாக மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பார்த்ததும் இன்னார் என்று தெரிகிற வரை அது தப்பிக்கும் வழி ஆகாது.

லேபிள் அறுத்த டி-ஷர்ட் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய பொறி. வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியதும் செக்கிங்கில் கழித்ததும் சந்தைக்கு வருகின்றன. அவற்றோடு சேர்ந்து, எந்த ஆர்டரிலும் இல்லாமல் இங்கேயே அடித்த போலிகளும் வருகின்றன. கழுத்து லேபிளை அறுத்தாலும் நெஞ்சில் தைத்த சின்னமும் பொத்தானில் பொறித்த பெயரும் அப்படியே இருக்கும். பொய்யான வணிகக்குறி இட்ட பொருளை விற்பவருக்கு, 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தக்க முன்னெச்சரிக்கை எடுத்ததையும், சந்தேகப்படக் காரணம் இருக்கவில்லை என்பதையும் காட்டி, கேட்டபோது யாரிடம் வாங்கினேன் என்ற விவரத்தையும் கொடுப்பவருக்கு அதே சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பில் இல்லாமல் கைக்காசுக்குப் பண்டல் தூக்கி வந்தவரால் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. என் ஆலோசனை எளிது: சின்னம் எதுவும் இல்லாத வெற்று டி-ஷர்ட்டை மட்டும், பில்லோடு வாங்குங்கள்.

கொடி அச்சிட்டது ஆர்வத்தால் நேர்ந்த தவறு. தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971, தேசியக் கொடியைக் கைக்குட்டை, உள்ளாடை, உடைத் துணி ஆகியவற்றில் அச்சிடுவதையும் பூத்தையல் போடுவதையும் அவமதிப்பாகவே கொள்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க முடியும். நாட்டுப்பற்றோடு செய்தேன் என்ற பதில் அங்கே எடுபடாமல் போகலாம். அப்படி அச்சிட்டு வைத்திருந்த முப்பது டி-ஷர்ட்டுகளையும் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் கண் கலங்கியது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சொந்த வியாபாரப் பெயரைப் பொறுத்தவரை, வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில் 25-ஆம் வகுப்பில், அதாவது ஆடை வகுப்பில், அதே பெயரோ அதுபோல் ஒலிக்கும் பெயரோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்; தேடுவதற்குக் கட்டணம் இல்லை. தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். விண்ணப்பித்தவுடன் டிஎம் என்ற எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியைப் பதிவுச் சான்று கைக்கு வந்த பிறகே போட வேண்டும். இன்னொன்று: காதி, காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி போன்ற சொற்கள் வெறும் வருணனைச் சொற்கள் அல்ல. காதிக்குச் சான்று வேண்டும். மற்ற இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. விசைத்தறித் துணியில் சுங்குடிப் புள்ளியை அச்சிட்டு 'மதுரை சுங்குடி' என்று எழுதி விற்பது, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் நெசவுக் குடும்பங்களின் வயிற்றில் அடிப்பதாகும்.

வாங்குபவரும் வேலை செய்பவரும்

தைத்த துணியைக் கவரில் அடைக்காமல் உதிரியாக விற்றாலும் நான்கு விவரங்கள் அதில் இருக்க வேண்டும்: தயாரிப்பவர் அல்லது விற்பனை நிறுவனத்தின் பெயரும் முகவரியும், எஸ், எம், எல் போன்ற அளவும் அதோடு சென்டிமீட்டர் கணக்கும், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, குறை சொல்ல மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைப் பல கடை பில்களில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அதை அப்படியே தங்கள் பக்கத்திலும் போட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிக்காவிட்டால் அது 30 நாள். பில் கொடுக்க மறுப்பதும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அளவு பொருந்தாததற்கும் தையல் பிரிந்ததற்கும் வேறுபாடு காட்டி, இரண்டுக்கும் தனித்தனியாக விதி எழுதி வைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஆர்டர் கூடினால் நண்பர்கள் உதவிக்கு வருவார்கள். இங்கே மிகுந்த கவனம் தேவை. பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைப்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பத் தொழிலுக்கு ஒரு விலக்குத் தருகிறது: பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, அபாயமில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவலாம். குடும்பம் என்பதில் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் அடங்குவர். ஆகவே பதின்மூன்று வயதுத் தம்பியும், அதே வயதில் பெரியம்மா மகனும் மாலையில் டி-ஷர்ட் மடித்துக் கவரில் போடலாம்; எதிர்வீட்டுப் பையன் போடக் கூடாது. பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களை அபாயகரம் எனப் பட்டியலிட்ட வேலைகளில் வைக்கக் கூடாது. மற்ற வேலைகளிலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. பள்ளி விட்டு வந்து ராத்திரி பத்து மணி வரை கூடத்தில் பேக்கிங் நடக்கும் வீடுகளை நான் அறிவேன். வகுப்புத் தோழிகளைக் கூலி கொடுத்து உட்கார வைக்கும்போது அது விளையாட்டு அல்ல, வேலை. குழந்தைத் தொழிலாளர் பெயரால் நெடுங்காலம் கெட்ட பெயர் சுமந்த தொழில் நம்முடையது. அது வீட்டுக்கூடம் வழியாகத் திரும்பி வந்துவிடக் கூடாது என்று உண்மையாகவே அஞ்சுகிறேன்.

லைசென்ஸ் கேள்விக்கு இப்போது வரலாம். வீட்டிலிருந்தே நடத்தும்வரை பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. தனிக்கடை பிடித்தாலோ, மோட்டார் இயந்திரங்கள் வைத்துப் பட்டறை போட்டாலோ, உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் தொழில் உரிமம் பற்றி நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மாணவிக்கு வரும் மார்ச்சில் பதினெட்டு நிரம்புகிறது. அந்த வாரத்தில் செய்ய வேண்டியவற்றை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிறாருக்கான பான் அட்டையில் படமும் கையெழுத்தும் இருக்காது என்பதால் அதைப் புதுப்பிக்க வேண்டும். தன் பெயரில் வங்கி நடப்புக் கணக்கும் உத்யம் பதிவும் தொடங்க வேண்டும். அம்மா பெயரில் விண்ணப்பித்த வணிகக்குறியை எழுத்துமூலம் தன் பெயருக்கு மாற்றி, பதிவகத்தில் தெரிவிக்க வேண்டும். பட்டறையோடும் கூரியரோடும் புது ஒப்பந்தம் எழுத வேண்டும். ஆர்டர் தாளில் இந்த முறை அவளே கையெழுத்திடலாம்.